பேனாவுக்காகத் திட்டு வாங்கியவர்

"ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் கடன் இருந்துச்சுங்க. கட்ட முடியல. வேலை பாத்த கம்பெனியோட வசூல் பணத்துல கை வச்சேன். மாட்டினேன். ஒன்றரை வருஷம் உள்ள இருந்துட்டு வந்தேன். இப்ப கடன் இல்ல, கேஸ் இல்ல. வேலை இருக்குங்களா?"

இவ்வளவையும் ஒரே மூச்சில், வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுவார். பெயர் பிறகு, வயது பிறகு, வணக்கம்கூடப் பிறகுதான். எதிரே இருக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை நீண்டிருக்கும். உள்ளே தீர்ப்பின் நகல், விடுதலைச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவில் ஒரு போட்டோ. கல்யாணப் பத்திரிகை வைக்கிறவரின் பவ்யம் அந்த நீட்டலில் இருக்கும்.

வீட்டில் அவருக்குப் பெயர் 'முன்னுரை'. வைத்தவர் தங்கையின் கணவர். லாரி ஓட்டுகிறவர், லாரியைவிட வாய் நீளம். "உங்கண்ணன் முன்னுரை சொல்லாம பல்லுகூட விளக்க மாட்டாரு" என்பார் மனைவியிடம். தங்கைக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்புவார்.

"முதல்ல வணக்கம் சொல்லுண்ணே. உக்காரச் சொன்னா உக்காரு. தண்ணி குடுத்தா குடி. அப்புறமா ஆரம்பியேன் உன் புராணத்த."

"குடிச்சப்புறம் சொன்னா, அந்தத் தண்ணியையும் ஏமாத்திக் குடிச்சேன்னு ஆயிடும்மா."

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. வெளியே வந்த புதிதில் வாயைத் திறக்காமல்தான் வேலைக்குப் போனார். இரும்புக்கடையில் பதினொரு நாள் கம்பி சுமந்தார். மருந்துக் கிடங்கில் மூன்று வாரம் பெட்டி அடுக்கினார். ஒரு பஸ் கம்பெனியில் இருபத்தாறு நாள் வண்டி கழுவினார். எங்கேயும் ஒருநாள் யாராவது ஒருவர் முகத்தை உற்றுப் பார்ப்பார். அல்லது ஆபீசில் ஏதாவது சான்றிதழ் கேட்பார்கள். அன்றைக்கே கதை முடிந்துவிடும். சம்பளம் கேட்டதற்கு இரும்புக்கடைக்காரர் சொன்ன பதிலை அவர் அப்படியே சொல்லிக் காட்டுவார்: "போலீஸைக் கூப்பிடாம விட்டேன் பாரு, அதான்யா உனக்குச் சம்பளம்!"

வெளியே வந்து பதினான்கு மாதம் ஆகியும் சம்பளம் என்று ஒரு காசு அவர் கையில் விழவில்லை. தங்கை வீட்டுச் சோறு. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார், மறுசோறு கேட்க மாட்டார். லாரிக்காரர் தானே கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தால், "போதும் மாப்ளே, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று தட்டின் மேல் கையை விரித்து மறைப்பார். நிறைந்த வயிற்றுக்காரர் அப்படி அவசரமாக மறைப்பாரா என்று லாரிக்காரருக்கும் தெரியும். கேட்க மாட்டார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த முன்னுரை. படித்தவர்கள் இதற்கு நேர்மை, மனசாட்சி என்று பெரிய பெரிய பெயராக வைப்பார்கள். முதுகு ஒடியச் சுமந்துவிட்டுக் கூலியில்லாமல் வீட்டுக்கு நடந்தவனைக் கேட்டால் தெரியும். துரத்துவதாக இருந்தால் வாசலிலேயே துரத்திவிடு, வேலையை வாங்கிக்கொண்டு துரத்தாதே. இதுதான் விஷயம்.

கடன் எதற்கு என்று கேட்டால் அதையும் சொல்வார். யாருக்கும் ஆபரேஷன் இல்லை, யாருடைய கல்யாணமும் இல்லை. பழைய வேன் ஒன்று விலைக்கு வந்தது, வட்டிக்கு வாங்கி அதை எடுத்தார். இரண்டாவது மாதம் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. "வண்டி ஓனர்னு நாலு பேர் சொல்லணும்னு ஆசை. வேற ஒரு மண்ணும் இல்ல." வேனைக் காயலான் கடையில் போட்டார். அப்பா விட்டுப்போன மனையை விற்றார். வட்டிக்காரருக்கும் கம்பெனிக்கும் பைசா பாக்கி இல்லாமல் கட்டினார். தண்டனையையும் கழித்தார். ஒரு கிடங்கின் கணக்கர் மரியாதைக்காரர், குரலைத் தாழ்த்தி, "கையாடல் கேஸுங்களா?" என்று கேட்டார். "திருட்டுன்னே சொல்லுங்க சார். கையாடல்னா ஏதோ ஆபீஸ் உத்தியோகம் மாதிரி இருக்கு" என்றார் இவர். கணக்கர் சிரித்தார். வேலை மட்டும் கொடுக்கவில்லை.

இப்படிப் பத்தொன்பது வாசல். இருபதாவது வாசல் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் இருந்த சலவைக்கூடம். ஆஸ்பத்திரித் துணி முழுக்க அங்கேதான் வெளுப்பு. உள்ளே நுழைந்தாலே முகத்தில் ஆவி அடிக்கும். வலப்பக்கம் ஆள் உயரத்துக்கு மூன்று மெஷின், இடப்பக்கம் இஸ்திரி மேசை, நடுவில் அழுக்குத் துணி கொட்டிப் பிரிக்கிற நீள மேசை. முதலாளியம்மா ஒற்றைத் தொட்டியில் கையால் துவைத்து ஆரம்பித்தவர். இன்றைக்குப் பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். சோப்பு தின்ற விரல்கள், ரேகையே இருக்காது. முன்னுரை முடிகிறவரை அந்தம்மாள் அழுக்குக் குவியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லி முடிச்சியா?"

"முடிச்சேம்மா."

"பேனா எடுப்பியா?"

இவருக்குப் புரியவில்லை. பேனா திருடுவாயா என்று கேட்கிறார்களோ என்று காது சூடாகிவிட்டது.

"பேனாய்யா, பேனா! டாக்டருங்க கோட்டுப் பையில பேனாவைச் சொருகி அப்படியே அனுப்பிடறாங்க. வெந்நீர்ல போட்டா வெடிக்குது. போன மாசம் முப்பது கோட்டு நீலமாயிடுச்சு. முன்ன இருந்தவன் யோக்கியன்தான், பெரிய யோக்கியன். ஒரு பேனா கண்ணுல பட்டதில்ல அந்த யோக்கியனுக்கு!"

"பையில பணம் இருந்தா..." என்று இவரே இழுத்தார்.

"இருந்தா கவர்ல போட்டு, கோட்டு நம்பரை எழுதி வை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். பணம் தண்ணில கரையாது, துணில ஒட்டாது. எனக்கு பேனா தப்பக் கூடாது. ஒரு மாசம் பாக்கறேன்." உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். "இத வீட்ல வை. இங்க ஈரம்."

ஆள் எடுப்பது எப்படி என்று இப்போதெல்லாம் வகுப்பு நடத்துகிறார்கள். தன் கைக்காசைப் போட்டுத் தொழில் செய்தவர்களுக்கு அந்த வகுப்பெல்லாம் வேண்டாம். எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போகிறது என்று தெரிந்தால் போதும், அதை அடைக்கிற ஆளை எடுத்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் பேச்சு.

வேலையில் அவர் கை ஒரு தினுசு. இடது கையால் கோட்டின் கழுத்தைத் தூக்கிப் பிடிப்பார். வலது கை மேல்பைக்குள் போகும், பிறகு கீழ்ப்பை இரண்டு, பிறகு உள்பை. ஒவ்வொரு பையையும் முயல் காது மாதிரி வெளியே இழுத்துவிட்டுத்தான் அடுத்த கோட்டுக்குப் போவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் கட்டியிருப்பார். எதுவும் உள்ளே நழுவியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பத்தே நாளில் கோட்டைத் தொட்டு ஆளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "இவரு பெரிய டாக்டரு, பையில ஒண்ணும் இருக்காது, எடுத்துக் குடுக்க ஆள் இருக்கு. இது படிக்கிற பொண்ணு கோட்டு, பாருங்க, மிட்டாய் காகிதம், ரப்பர் பேண்டு, அழுது தொடைச்ச காகிதம்."

எல்லாம் சரி. பணம்தான் அவரைப் படுத்தியது. விரலில் காசு தட்டுப்பட்டால் போதும், தேள் கொட்டியவர் மாதிரிக் கையை வெளியே உருவி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கத்துவார்: "அக்கா, பணம்!"

எதிர்ப்பக்கம் இஸ்திரி போடுகிற அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வரவேண்டும். அக்காதான் பைக்குள் கைவிட்டு எடுத்து, எண்ணி, கவரில் போட்டு எழுதவேண்டும். அதுவரை இவர் கை கீழே இறங்காது.

"தம்பி, இது ஒத்தக் காசு. இதுக்குப் போயி நானா?"

"இன்னிக்கு ஒத்தக் காசுக்கா. நாளைக்கு அந்த ஒத்தக் காசு எங்கன்னு கேட்டா?"

"கேட்டா நான் தரேன்யா, உனக்குப் புண்ணியமாப் போகும், கையை இறக்கு! துணி மலையாக் கெடக்குது அங்க!"

மெஷின்காரர் அந்தப் பக்கமிருந்து, "ஏ, கோர்ட்டு கூடிடுச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்பார். கூடமே சிரிக்கும். இவரும் சிரிப்பார், கையைத் தூக்கியபடியே.

மூன்றாவது வாரம் அது நடந்தது. ஒரு கோட்டின் கீழ்ப்பையில் ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக்கட்டு ஒன்று இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் அக்காவோடு மெஷின்காரரும் ஓடிவந்தார். அக்கா எண்ணினால் ஒரு தொகை, மெஷின்காரர் எண்ணினால் வேறு தொகை. மூன்றாம் முறை இருவரும் சேர்ந்து எண்ணி ஒரு வழியாகக் கவரை ஒட்டினார்கள். அதுவரை இவர் தலைக்கு மேல் தூக்கிய கை இறங்கவில்லை. வசூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த நாளெல்லாம் கண்முன் வந்துபோயின. கவர் போனதும் அந்தக் கோட்டைத் தூக்கி மெஷின் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த கோட்டை எடுத்தார். முந்தைய கோட்டின் உள்பைக்குள் கை போகவே இல்லை.

இருபது நிமிஷம் கழித்து மெஷின்காரர் அலறினார். "நீலம்! நீலம்!" மெஷின் கண்ணாடிக்குள் நுரை வானம் மாதிரி சுழன்றது. மொத்தம் பன்னிரண்டு கோட்டு.

முதலாளியம்மா வந்தார். இவர் மேசையோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபதாவது நாள். மருந்துக் கிடங்கும் கிட்டத்தட்ட இதே நாளில்தான் முடிந்தது.

"கண்ணு எங்கய்யா இருந்துச்சு உனக்கு? பொறவாசல்லயா? ஒத்தை நோட்டுக்கு ஊரையே கூட்டத் தெரியுது, இத்தாம் பெரிய பேனா தெரியல! பை நாலுன்னா நாலும் பாக்கணும். மூணோட நிறுத்த இது என்ன உன் பாட்டன் வூட்டு வேலையா? ஆஸ்பத்திரிக்காரன் கான்டிராக்டைக் கிழிச்சான்னா பதினாலு குடும்பத்துக்கு நீயா சோறு போடுவே?"

கால் மணி நேரம் திட்டு விழுந்தது. கண்ணைத் திட்டினார், கையைத் திட்டினார், பேனா கண்டுபிடித்தவனைத் திட்டினார். இவர் தலையைக் குனிந்து ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். ஜெயில் என்ற வார்த்தை, அல்லது அதற்குச் சொந்தக்கார வார்த்தை ஏதாவது. எந்த வாக்கியத்தின் கடைசியில் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வரவில்லை. திட்டு முடிந்தே போயிற்று.

"இன்னொண்ணு கேட்டுக்கோ. இனிமே பணம் கிடைச்சா யாரையும் கூப்பிடக் கூடாது. நீயே எடு, நீயே எண்ணு, நீயே எழுதி வை, அடுத்த பையைப் பாரு. 'அக்கா, பணம்'னு இன்னொரு தடவை சத்தம் கேட்டுச்சு, அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடுவேன்."

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பக்கத்திலிருந்த சோப்புப் பீப்பாய் மேல் உட்கார்ந்தார். உட்காரச் சொன்னது யார் என்று முதலாளியம்மா அதற்கும் ஒரு கத்து கத்தினார்.

அன்று பகல் முழுக்க இஸ்திரி அக்காவும் அவரும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். ஒன்பது கோட்டு வெள்ளைக்குத் திரும்பியது. மூன்று தேறவில்லை. "அந்த மூணும் உன் கணக்கு" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா போனார்.

வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்த்துத் தங்கைக்குச் சந்தேகம். "என்னண்ணே, சிரிச்சுக்கிட்டே வரே?"

"இன்னிக்கு செமத்தியா திட்டு வாங்கினேம்மா."

"எதுக்கு? தெரிஞ்சுபோச்சா?"

"அது என்னிக்கோ தெரியுமே. பேனாவுக்கு! பேனாவைப் பாக்கலன்னு திட்டுனாங்க. கால் மணி நேரம். வேற ஒரு பேச்சு இல்ல."

லாரிக்காரர் தட்டில் கையை வைத்தபடி அவரையே பார்த்தார். "மச்சான், திட்டு வாங்கினதுக்கு இவ்வளவு சந்தோஷப்படற ஆளை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல" என்றார். பேச்சோடு பேச்சாக இவர் தட்டில் இரண்டு கரண்டி சோறு விழுந்தது. இவர் கையை விரித்து மறைக்க மறந்துவிட்டார்.

மறுநாள் முதல் பணம் கிடைத்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு தானே எடுத்தார். முதல் இரண்டு நாள் எண்ணியதை வாய்விட்டுச் சொன்னார், யாருக்கும் கேட்காத குரலில். பிறகு அதுவும் நின்றது. பேனா தப்பவில்லை. மேசையில் ஒரு டப்பா நிறையப் பேனா சேர்ந்தது. மெஷின்காரர் மட்டும், "கோர்ட்டுக்கு லீவு விட்டாச்சு, பொழுதே போகல" என்று அலுத்துக்கொண்டார்.

இருபத்தாறாம் நாள் வந்தது, போனது. இருபத்தேழாம் நாள் காலையில் அவர் சற்று மெதுவாக நடந்தார். வெளியே வந்த பிறகு எந்த வேலையிலும் அவர் அந்த நாளைப் பார்த்ததில்லை. யாராவது வழியில் நிறுத்துவார்கள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நிறுத்தியது ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான்.

சம்பள நாளில் வரிசையின் கடைசியில் போய் நின்றார். பதின்மூன்று பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்.

"மூணு கோட்டுக்குப் பிடிச்சிருக்கேன். மொத்தமாப் பிடிச்சா நாக்கு தள்ளிடுவே, அதனால பாதி இந்த மாசம், பாதி அடுத்த மாசம்."

"அடுத்த மாசமும் பிடிப்பீங்களாம்மா?"

"பின்ன, விட்டுடுவேனா?"

"பிடிங்கம்மா, பிடிங்க" என்றார் அவர். அடுத்த மாதம் என்று ஒன்று அவருக்கு இருந்தது.

"கையை நீட்டு."

நீட்டினார். அந்தம்மாள் கட்டைவிரலை ஈரத் துணியில் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு நோட்டாக, சத்தமாக எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் உதடும் கூடவே அசைந்தது. கடைசி நோட்டும் சில்லறையும் விழுந்த பிறகும் கை நீட்டியபடியே இருந்தது. விரல்கள் விரிந்தே இருந்தன. யாரோ வந்து திரும்ப எடுத்துக்கொள்ள வசதியாகப் பிடித்திருக்கிற மாதிரி.

முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார். நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"ஆச்சுய்யா. கையை மூடு."

அவர் சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கினார்.