ஹோமத்தில் உதிர்ந்த மர டை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் லாரி கிளீனர். அதற்கும் முன் ஓட்டலில் மேசை துடைத்தேன். எட்டாவதோடு நின்றவனுக்கு எந்த ஊரிலும் இந்த மாதிரி வேலைதான் கிடைக்கும்.

பட்டறையிலேயே என்னோடு படுத்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் இருந்தார். நல்ல தச்சர். சிராய் தெறித்து ஒரு கண் போனதிலிருந்து அவருக்கு நிலைச்சட்டம் இழைக்கிற வேலை மட்டும்தான். இழைப்பு மிஷின் வந்தால் அதுவும் போய்விடும். பிறகு கட்டடங்களில் சென்ட்ரிங் பலகை அடிக்கத்தான் போக வேண்டும். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. சாரம் ஏறுவதை நினைத்தாலே அவருக்கு நடுக்கம்.

முதலாளி மெயின் ரோட்டில் ஷோரூம் திறக்கவிருந்தார். அன்றைக்கு மரத்தாலேயே செய்த டை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"நான் செய்றேன் முதலாளி," என்றார் அண்ணன்.

"ஒத்தக் கண்ண வச்சிகினு இன்னாய்யா செய்வே?"

"செஞ்சிட்டா ஷோரூம்ல ஒரு மூலைல குந்த வெச்சிடுங்க. சில்லறை வேலை எல்லாம் பாத்துக்கறேன்."

"செய், பாக்கலாம். நல்லா வந்தா குந்திக்க."

தேக்கை மெல்லிசாகச் சீவி, கித்தான் துணியில் குறுக்குவாட்டில் பட்டை பட்டையாக ஒட்டினார். கடை ஷட்டர் போல வளைந்தது. முடிச்சை மட்டும் ஒரே ஈட்டி மரக் கட்டையில் குடைந்து, பின்னால் எலாஸ்டிக் வைத்தார். ஒட்டியது எலும்பு காய்ச்சிய வஜ்ஜிரப் பசையில். டப்பாவில் வரும் வெள்ளைப் பசையை அவர் மதித்ததே இல்லை. எனக்கு மாட்டிப் பார்த்து, "டேய், ஆபீசர் மாதிரி கீறே!" என்று சிரித்தார்.

திறப்பு விழா கத்திரி வெயிலில். ஹோமத் தீ அணையக்கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். முதலாளி டையோடு குண்டத்தின் முன் உட்கார்ந்தார். அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. நாற்காலிக்கும் பீரோவுக்கும் வியர்ப்பதில்லை. அதுவரை அண்ணன் செய்த எதுவும் மனித உடம்பின் மேல் கிடந்ததும் இல்லை. அனலிலும் ஈரத்திலும் வஜ்ஜிரம் இளகியது. முதல் பட்டை மடியில் விழுந்தது. அடுத்து இரண்டு. முதலாளி நெய் விடக் குனிந்தபோது ஒன்று தீயிலேயே விழுந்தது.

"சமித்து நீங்களே போடறீங்களே சார்!" என்று யாரோ கத்த, பந்தல் முழுக்கச் சிரிப்பு.

முதலாளி டையைக் கழற்றி எறிந்தார். "குருடன்கிட்ட குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

"கண்ணு இல்ல முதலாளி, வஜ்ஜிரம்..." என்று அண்ணன் ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. தரையில் கிடந்த பட்டைகளைப் பொறுக்கினேன். எல்லாம் ஒரே கனம், ஒரே அளவு.

முதலாளி அண்ணனை வேலையை விட்டு அனுப்ப, நானும் கூடவே கிளம்பினேன். மறுவாரம் இருவரும் மேடவாக்கத்தில் சென்ட்ரிங் வேலைக்குப் போனோம். எனக்குத் தரையில் ஜல்லி சுமக்கிற வேலை. அண்ணன் சாரத்தில் ஏறினார். ஒவ்வொரு பலகையையும் காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மிதித்தார்.

"இன்னா பெர்சு, கோலம் போடறியா? சீக்கிரம் ஏறு!" என்று மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தான்.