மட்டிப்பழத்துக்கு மாவட்டம் முழுக்க ஒரே விலை

நிறைவுப் போட்டி நடக்கும் சந்தையில் ஒரே பொருளுக்கு ஒரே விலைதான் இருக்கும் என்கிறது எங்கள் பி.ஏ. பொருளாதாரப் பாடம். அதைச் சோதிக்க, அவரவர் ஊர்ச் சந்தையில் ஐந்து கடையில் மட்டிப்பழத்தின் விலையை விசாரித்து எழுதி வரச் சொல்லியிருந்தார் சார்.

இன்று காலை நோட்டும் பேனாவுமாகச் சந்தைக்குப் போனேன். முதல் பழக்கடை அக்காவிடம், எங்கள் பக்கத்துச் சின்ன வாழைப்பழமான மட்டிப்பழம் கிலோ என்ன விலை என்று கேட்டேன்.

அவர் என் நோட்டையே பார்த்தார்.

"ஏட்டி, நீ பழம் வாங்க வந்தியா, வெலை எழுத வந்தியா? ஒன்ன யாரு அனுப்புனா?"

"காலேஜ்ல இருந்து வாறேன்க்கா. எக்னாமிக்ஸ் படிக்கேன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாவ. தொண்ணூறுன்னு எழுதிக்கோ."

சொல்லிவிட்டு, அடுத்த கடைகளுக்குக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்: "வெலை எழுத ஆளு வந்திருக்கு! தொண்ணூறு சொல்லியிருக்கேன்!"

மீதி நான்கு கடையிலும் தொண்ணூறு.

எனக்கு இடித்தது. நோட்டைப் பைக்குள் வைத்ததும் கடைசிக் கடை அண்ணன் மெதுவாகக் கூப்பிட்டார்.

"மக்கா, வாங்கணும்னா எழுவதுக்குத் தாறேன். ஆனா எழுதிராத."

வாங்கினேன். எழுதவில்லை. தொண்ணூறு என்று நிரப்பிய தாளைப் படமெடுத்து, சும்மா ஒரு மாதிரிக்கு, வகுப்புக் குழுவில் போட்டேன்.

மதியத்துக்குள் எல்லோரும் 'சந்தைக்குப் போய்' வந்துவிட்டார்கள். மாவட்டத்தின் ஒரு முனையில் திற்பரப்புக்காரிக்கும் தொண்ணூறு, மறுமுனையில் அஞ்சுகிராமத்துக்காரனுக்கும் தொண்ணூறு.

நாளை சார் பூரித்துப்போவார்.

எனக்கு இப்போது சந்தேகமெல்லாம் பாடப் புத்தகம் எழுதியவர் மீதுதான். அவராவது சந்தைக்குப் போயிருப்பாரா?