கொலினின் மாடுகளுக்குப் பொட்டு வைத்த நாள்

1. மனைவியும் வேண்டும்

பண்ணை வேலைக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தவர் என் கணவர் நடேசன். யாழ்ப்பாணத்தில் வங்கியில் இருந்தவர். எண்பதுகளின் நடுவில் ஆக்லண்டுக்கு வந்து, விரி என்கிற இடத்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்களும் இரண்டு பெண் பிள்ளைகளும் நியூ லின்னில் அவருடைய ஒன்றுவிட்ட தமையன் வீட்டில், ஓர் அறைக்குள் இருந்தோம். தமையன் நல்ல மனிதர். அவருடைய மனைவியும் நல்லவர்தான், நான் குசினிக்குள் போகாத நாட்களில்.

ஒருநாள் இவர் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பாப்பாகுராவுக்கு அப்பால் ஒரு பாற்பண்ணைக்கு ஆள் தேவையாம்.

"மனோ, தனி வீடு! வாடகை இல்லை!"

"மாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"என்ன தெரியவேணும்? எங்கட வீட்டில மாடு நிண்டதுதானே."

மாடு நின்றது உண்மை. அதைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, பால் கறந்தவர் என் மாமியார். இவர் செய்ததெல்லாம் அந்தப் பாலைக் குடித்தது மட்டும்தான்.

விளம்பரத்தின் கடைசி வரியை இவர் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. மணமான தம்பதியே விரும்பப்படும், தேவைப்படும்போது மனைவி கைகொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தத் 'தேவைப்படும்போது' என்பதற்குள் விடிய ஒருதரம், பின்னேரம் ஒருதரம், ஞாயிறு, தீபாவளி, தடிமன் காய்ச்சல் எல்லாம் அடக்கம். பண்ணைக்காரனைக் கட்டப்போகிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து விளம்பரத்தைக் கடைசி வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.

2. பிட்டுக்குள்ளிருந்து தெரியும் உலகம்

பண்ணைக்குச் சொந்தக்காரர் கொலின். நெடுத்த மனிதர், தனிக்கட்டை, மேட்டு வீட்டில் இருந்தார். பேச்சு மிகக் குறைவு. அவர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் நான் இங்கே எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன், அவருக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. இவருடைய பெயர் வாயில் நுழையாததால் 'நட்' என்று சுருக்கிக்கொண்டார். என்னை மனோ என்றே கூப்பிட்டார்.

முதல்நாள் இரண்டு சோடி கம்பூட்ஸ், முழங்கால்வரை ஏறும் ரப்பர் சப்பாத்து, கொண்டுவந்து வைத்தார். இவருக்குப் புதியது. எனக்குத் தன் பழைய சோடி. அதற்குள் நானும் போய், இன்னொரு ஆளும் போகலாம்.

ஹெரிங்போன் ஷெட் என்கிற பால் கறக்கும் கொட்டிலைக் காணாதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் இடுப்பளவு ஆழத்தில் நீளமான பள்ளம், அதைத்தான் பிட் என்பார்கள். இரண்டு கரையிலும் மாடுகள் சரிவாக வரிசைகட்டி, பின்பக்கத்தை நமக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். நாம் பிட்டுக்குள் நின்று மடியில் பால் உறிஞ்சும் இயந்திரத்தின் கப் மாட்டுவோம். பால் குழாய் வழியாக வாட் என்கிற பெரிய குளிர்த்தொட்டிக்குப் போகும். நாளாந்தம் டாங்கர் லொறி வந்து அதை நகரத்துக்கு ஏற்றிப் போகும். மாட்டுக்கு முகம் என்று ஒன்று இருப்பதே கொஞ்ச நாளில் மறந்துவிடும்.

அன்றைக்கு ஒரு மாடு வாலை மெல்லத் தூக்கியது. கொலின் சட்டென்று ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன். இவர் வங்கிக்காரர் அல்லவா, என்ன விஷயம் என்று நிமிர்ந்து பார்த்தார். பாவம், சட்டையைக் கழற்றி எறிய வேண்டியதாகிவிட்டது.

வேலை முடிந்ததும் கொலின் ஒரு சிவப்பு ஸ்ப்ரே கானைத் தூக்கிக் காட்டினார்.

"என்ர ஷெட்டில ஒரேயொரு சட்டம். மாட்டின்ர பின்பக்கத்தில சிவப்பு இருந்தா அது மடிநோய்க்குப் பெனிசிலின் போட்ட மாடு. அந்தப் பால் ஒரு சொட்டும் வாட்டுக்குள்ள போகப்படாது. போனா டாங்கரே பழுது, மற்றப் பண்ணையளின்ர பாலும் சேர்த்து. விளங்குதோ?"

ஓம் ஓம் என்று இரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டினோம்.

3. ஜூன் மாதத்துப் பயம்

வேலை பழகிவிட்டது. கன்றுகளுக்குப் பால் பருக்குவது முழுக்க என் பொறுப்பானது. கன்று முதலில் வாளியில் வாய் வைக்காது. விரலைச் சூப்பக் கொடுத்து, அப்படியே கையைப் பாலுக்குள் இறக்க வேண்டும். இவர் ஒருமுறை முயன்று பார்த்தார். கன்று விரலை விடவில்லை. இவர் வைத்த கூச்சலில் நாய் வந்துவிட்டது.

வைக்கோல் கட்டுகிற நாட்களில் கூலிக்கு வருகிறவர்களுக்கு ஸ்மோக்கோ கொடுக்க வேண்டும், அதாவது இடைவேளைத் தேநீரும் கடிக்க ஏதாவதும். அங்கே வழக்கம் ஸ்கோன். என் ஸ்கோனை நாய்கூடத் தின்னவில்லை. அடுத்த நாள் பருப்பு வடை சுட்டுக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு பக்கத்துப் பண்ணைக்காரர்களும் எங்களுக்கு உதவி செய்ய வருவதாகச் சொல்லி, சரியாக ஸ்மோக்கோ நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பயம் மட்டும் இருந்தது. பாற்பண்ணைகளில் ஆண்டு முடிவது மே கடைசியில். ஜூன் பிறந்ததும் பண்ணைக் குடும்பங்கள் கட்டில் கதிரையோடு ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். யாரை வைத்திருப்பது, யாரை அனுப்புவது என்று கொலின் ஜனவரியிலேயே முடிவு செய்துவிடுவார். அந்த ஜனவரியில் வைக்காட்டோவிலிருந்து ஒரு தம்பதி வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பால் வேலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களாம். எங்களிடம் கொலின் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்த வீடு வேண்டும். மூத்தவளுக்குத் தனிக் கட்டில், பள்ளிக்கூட பஸ் வாசலில் நிற்கும், என் குசினியில் நான் எதையும் தாளிக்கலாம், யாரும் ஜன்னலைத் திறந்துவிட்டு இருமமாட்டார்கள். அங்கிருந்து திரும்பவும் நியூ லின் அறைக்குப் போக எனக்கு மனமே இல்லை.

4. பட்டிப்பொங்கல்

தைப்பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்குப் பொங்குகிற நாள். இத்தனை மாடுகளோடு சீவித்துக்கொண்டு பட்டிப்பொங்கல் செய்யாமல் விடலாமா? கொலினிடம் அன்று பின்னேரத்துக்கு லீவு கேட்டேன், நியூ லின்னில் சனம் எல்லாம் கூடுகிறது என்று.

"போயிட்டு வாங்கோ. பின்னேரப் பால் நான் பார்க்கிறன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தடவை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று விடியப் பால் கறந்து முடிகிற நேரம் குங்குமச் சிமிழோடு பிட்டுக்குள் இறங்கினேன். மாட்டின் நெற்றியில் பொட்டு வைக்கவேண்டும். பிட்டுக்குள் நின்று நெற்றிக்கு எப்படி எட்டுவது?

"பின்னுக்கு வையும்" என்றார் இவர். "லட்சுமி இருக்கிறதே பசுவின்ர பின்பக்கத்திலதானே."

அது உண்மைதான். ஊரில் பசுவின் பின்பக்கத்தைத்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

"திருநீறு பூசுவமோ?"

"வெள்ளையும் கறுப்புமாய் நிக்கிற மாட்டில திருநீறு ஆருக்குத் தெரியும்? குங்குமத்தைக் குழைச்சு வையும்."

அன்றைக்கு இவருக்குச் சைவசமயம் முழுக்க ஞாபகம் வந்தது. முதல்நாள் கொலின் சொன்ன சட்டம் மட்டும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பெனிசிலின் சிவப்பு கானில் இருக்கிறது, குங்குமம் சாமித்தட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீரில் குழைத்து, வாலுக்குப் பக்கத்தில் வட்டமாக, வடிவாக வைத்துக்கொண்டு போனேன். மந்தையில் கால்வாசிக்கு வைத்து முடிய சிமிழ் காலியாகிவிட்டது. மற்ற மாடுகளைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, புக்கை பொங்கப் போனேன்.

5. பால் வழிந்தது

ஜனவரி அங்கே கோடை, வெயில் இலேசில் போகாது. நியூ லின்னில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் பண்ணையில் நல்ல வெளிச்சம். ஷெட்டிலிருந்து போகிற வாய்க்கால் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கலுக்குப் பால் வழிந்தால் நல்லது என்போம். அன்று வழிந்ததுபோல நான் ஒரு பொங்கலிலும் கண்டதில்லை.

கொலின் ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் இருந்தார். ஷெட்டுக்குள் ஒரு மாடு மட்டும் நின்றது, என்னுடைய வட்டப் பொட்டோடு.

"மந்தையில கால்வாசிக்கு ஊசி போட்டிருக்கிறீர், நட். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. விடியப் பாலுக்குள்ள அது போயிட்டுதோ இல்லையோ எண்டு எனக்கென்ன தெரியும்? உங்கட வீட்டுக்கு ஃபோன் அடிச்சன், ஆரும் இல்லை. மாட்டு டொக்டருக்கு அடிச்சன், அவருக்கும் ஒண்டும் தெரியாது. டாங்கர் வர முந்தி முழுத்தையும் திறந்துவிட்டன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கால் இரண்டும் கம்பூட்ஸ் இல்லாமலே சேற்றில் புதைந்ததுபோல் இருந்தது. இவருக்கும் விளங்கிவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"அது வந்து, கொலின், ஒரு முன்னெச்சரிக்கை."

"முன்னெச்சரிக்கையோ? வருத்தமில்லாத மாட்டுக்கே பெனிசிலின் போட்டனீர்?"

"இல்லை இல்லை. கொஞ்சம் வருத்தம் இருந்தது."

"எவ்வளவு கொஞ்சம்?"

"நடுத்தரமாய்."

நான் தமிழுக்குத் தாவினேன். "இஞ்சேருங்கோ, என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?"

"நீர் பேசாமல் இரும், மனோ. மாட்டின்ர பின்பக்கத்துக்குப் பூசை செய்தம் எண்டா, இந்த மனுசன் எங்களை மூளை பிசகின ஆக்கள் எண்டு நினைப்பான்."

"இப்ப மாட்டைக் கொல்லுற ஆக்கள் எண்டெல்லோ நினைக்கிறான்!"

கொலின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் முன்னுக்கு வந்து, எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஒரு மாட்டுக்கும் வருத்தமில்லை. ஆரும் ஊசி போடேல்லை. இண்டைக்கு எங்கட மாடுகளின்ர திருநாள். அது நான் வைச்ச பொட்டு. இதேதான்." என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

கொலின் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு மாட்டைப் பார்த்தார். திரும்பவும் என் நெற்றியைப் பார்த்தார்.

"ஏன் பின்னுக்கு?"

"எங்கட செல்வத்துக்குரிய தெய்வம் அங்கதான் இருக்கிறா."

"அங்கயோ?"

"ஓம்."

"நான் சின்னனிலயிருந்து அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறன். ஒருநாளும் அவவைக் காணேல்லை."

நான் சிரித்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எழுந்து வாளியை நிமிர்த்திவைத்துவிட்டு, "நாளைக்குக் கதைப்பம்" என்று சொல்லி மேட்டு வீட்டுக்கு நடந்தார்.

காருக்குள் இருந்த மூத்தவள் கேட்டாள், "அம்மா, ஆர் வீ கோயிங் பேக் டு நியூ லின்?"

அவளைக் காரிலேயே இருக்கச் சொன்னேன். கழுவுகிற அறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். இரண்டு நேரப் பால், நகரத்துப் பிள்ளைகள் குடிக்கவேண்டிய பால், என் பொட்டால் வாய்க்காலுக்குள் போய்விட்டது. வீடும் அதற்குப் பின்னாலேயே போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

6. வாற ஜனவரி

மறுநாள் விடிய இவர் கப் மாட்டினார். ஒவ்வொரு வரிசையாக மாடு வர வர, ஹோஸைப் பிடித்துக் குங்குமத்தைக் கழுவினேன். லட்சுமியைக் கழுவிவிடுகிறேனே என்று ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது. கடைசி வரிசை வெளியே போகிற நேரம் கொலின் வந்தார். கையில் ஒரு கான். அதைப் பிட்டின் விளிம்பில் டக்கென்று வைத்தார்.

நீலம்.

"சிவப்பு பெனிசிலினுக்கு" என்றார். "வாற ஜனவரியில உங்கட தெய்வத்துக்கு இதைப் பாவியுங்கோ."

வாற ஜனவரி. என் காதில் அந்த இரண்டு சொல் மட்டும்தான் விழுந்தது. கண் நிறைந்துவிட்டது. இவருக்கு அது விழவேயில்லை.

"கொலின், எங்கட சமயத்தில மங்கல காரியத்துக்கு நீலம்..." என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார். நான் என் பெரிய கம்பூட்ஸால் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

"இன்னொண்டு, நட்" என்றார் கொலின். "என்ர ஷெட்டில என்ன நடந்ததெண்டு இனி நான் உம்மட்டக் கேக்கமாட்டன். உம்மட மனுசியைக் கேப்பன்."

அப்படியேதான் கடைசிவரை கேட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம். வைக்காட்டோ தம்பதி வேறு எங்கோ போனார்கள், நல்லாயிருக்கட்டும்.

இளம் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இன்னொருவர் ஷெட்டில் ஓர் அடையாளம் வைக்கமுன், அதைப் பார்க்கப்போகிறவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். பிழை நடந்துவிட்டால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், கேட்பவருக்கு அது எவ்வளவு விசர்க்கதையாகப் பட்டாலும் சரி. மதிப்பாக ஒன்றைச் சொல்லித் தப்பப் பார்த்தால், என் வீட்டுக்காரர்போல நடுத்தரமாய் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்த பட்டிப்பொங்கலுக்கு எல்லா மாட்டுக்கும் நீலப் பொட்டு வைத்தேன், கான் தாராளமாகப் போதுமாயிருந்தது. கொலின் வந்து பிட்டுக்குள் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டு போனார். கடைசியில் நின்ற ஒரு மாட்டை நான் தவறவிட்டிருந்தேன். அவர் கானை வாங்கி, வாலுக்குப் பக்கத்தில் தானே ஒரு பொட்டு வைத்தார். என்ன இது என்று இவர் வாயைத் திறக்கமுன், கொலின் இவரைப் பார்த்துச் சொன்னார்.

"முன்னெச்சரிக்கை."