கந்தராஜனுக்கு ஊற்றிய காப்பி

தொட்டி மண்ணில் விரல் விட்டு முகர்ந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. புளித்த காப்பி வாடை!

கம்பம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா, இலை கருகிய கந்தராஜன் பூச்செடியைத் தொட்டியோடு நர்சரியில் காட்ட மடியில் வைத்துக்கொண்டு போனார். அவர் விரலெல்லாம் ஏலக்காய் பறித்த கறை. உதிரும் ஒவ்வொரு இலையையும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"காப்பியா ஊத்துறீக?"

"எம்மக வச்ச செடிப்பா. அவ செத்ததுலருந்து தெனமும் காலைல அவளுக்குக் காப்பி படைச்சு, இதுலதான் ஊத்துறேன்."

"பாலும் சீனியும் வேரை அழுக வச்சிருச்சும்மா. நிறுத்துங்க."

"நிறுத்திட்டா அவளுக்கு யாருப்பா குடுப்பா?"

கருகாத ஒரு கொப்பையும் அவர் விலாசத்தையும் கேட்டு வாங்கினேன். நாளை மணலில் ஊன்றிப் பார்க்கப் போகிறேன். வேர் விட்டால் கூடலூரில் அவர் வீட்டுக்கே கொண்டுபோய் வைப்பேன். தண்ணீருக்குப் புதுத் தொட்டி, காப்பிக்குப் பழைய தொட்டி.