அக்காவின் தலைக்கு மேல் கண்ணாடி

அக்காவுக்கு முதுகெலும்பில் காசநோய் என்று தெரியவந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு இருபத்தொன்பது. அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். தாம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் தினமும் மின்சார ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய்வரும் குமாஸ்தா. அறுபதுகளின் பின்பாதி அது.

டாக்டர் ஊசிக்கு எழுதிக் கொடுத்தார். மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டார். மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும், உட்காரவே கூடாது என்றார்.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"நாள் கணக்கெல்லாம் இல்லம்மா. ஒரு வருஷம். மேலேயும் ஆகலாம்."

வீட்டுக்கு வந்து படுத்த அக்கா, கூடத்துக் கூரையில் எத்தனை உத்தரங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனை ஓட்டு வரிசைகள் என்று முதல் வாரத்திலேயே எண்ணி முடித்துவிட்டாள்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வந்தாள். காலையும் மாலையும் என் பொறுப்பு. விடிந்ததும் அடுப்பு, வெந்நீர், கஞ்சி. பிறகு ரயில், அலுவலகம், மறுபடி ரயில், மறுபடி அடுப்பு. இது போதாதென்று இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அவளைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பலகைபோல் விறைத்துக் கிடக்கும் ஒருத்தியை ரயிலில் ஏற்ற முடியாது. டாக்சிக்குள் நுழைக்கவும் முடியாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவிலிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அந்த வீட்டுக்காரர், தம் பழைய இங்கிலீஷ் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதை ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். முன்னிருக்கைகளில் இடதுபக்கத்து இருக்கையைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, அந்த இடத்திலிருந்து பின்னிருக்கை வரை ஒரு நீளப் பலகை பொருத்தினேன். மேலே மெத்தை. அக்காவின் கால்கள் பின்பக்கம், தலை எனக்குப் பக்கத்தில். ஓட்டிக்கொண்டே நான் அவளோடு பேசலாம்.

அந்தக் காரின் கூரையில், முன்னிருக்கைகளுக்கு நேர்மேலே, சதுரமாக ஒரு திறப்பு உண்டு. பிடித்து இழுத்தால் பின்னுக்கு நகரும் தகர மூடி. குளிர் நாட்டுக்காரர்கள் வெயிலுக்கு ஏங்கிச் செய்துகொண்ட ஏற்பாடு. நம் ஊரில் அதைத் திறக்க யாருக்கும் அவசியம் வந்ததில்லை. அது இருப்பதையே நான் மறந்திருந்தேன், ஓர் ஆடிக் காற்றில் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு காய் சரியாக அதன்மேல் விழும்வரை. மூடி குழிந்து, தான் நகரும் தடத்தை விட்டுப் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. நான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டைமேல் தார்ப்பாய்த் துண்டை இழுத்துக் கட்டினேன். அதற்கு மேல் எதுவும் செய்ய எனக்குத் தெம்பில்லை.

ஐப்பசி மழை தார்ப்பாயை மதிக்கவில்லை. குரோம்பேட்டை தாண்டும்போதே அக்காவின் நெற்றியில் சொட்டத் தொடங்கி, பரங்கிமலைக்கு வருவதற்குள் கழுத்தோரமாக மாவுக்கட்டுக்குள் இறங்கிவிட்டது. கட்டு ஊறிப்போயிருந்ததைப் பார்த்த டாக்டர் அக்காவை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தார். "படிச்சவர்தானே நீங்க?" என்றார். கட்டை உடைத்து மறுபடி போட்டார்கள். அன்று நாங்கள் வீடு திரும்பியபோது அக்காவின் முகம் வலியில் வெளுத்திருந்தது.

"அந்த ஓட்டையை ஒழுங்கா மூடிடறேன்க்கா. தகரம் வச்சுப் பற்றவச்சுடலாம்" என்றேன்.

"தகரம் வேண்டாம்டா. கண்ணாடி போட முடியுமா? படுத்த இடத்துல கூரை, அங்க போனா வார்டுக் கூரை. நடுவுல இந்த ஒரு மணி நேரமாவது வேற எதையாவது பார்த்துக்கிட்டு வருவேன்" என்றாள்.

அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் அல்ல. என்னைப் படிக்கவைத்தவள் அவள். அதற்காகத் தனக்கு வந்த இரண்டு வரன்களை வேண்டாமென்றவள். இதெல்லாம் தெரிந்தும், "ஆகாயம் பார்க்கவா ஆஸ்பத்திரிக்குப் போறோம்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அன்று நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லி, அவளைத் தூக்கி, இறக்கி, வரிசையில் நின்று, நனைந்து, நாள் முழுக்க ஒரு வாய் சோறு சாப்பிடாமல் இருந்தவன். களைப்பு பேசியது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பேசிய வாய் என்னுடையதுதான்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ள முயன்றாள். கழுத்து கொஞ்சம்தான் திரும்பியது.

அந்த வெட்கத்தில், மறுநாளே கண்ணாடி போட ஆள் தேடினேன். நல்ல ஆளைத் தேடவில்லை, சீக்கிரம் முடிக்கிற ஆளைத் தேடினேன். கதவு, ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டுகிறவர் ஒருவர் அளவெடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒரு சதுரம் வெட்டி, மரச்சட்டத்தில் உட்காரவைத்து, சுற்றிலும் மக்கு என்னும் சுண்ணப்பசையை வைத்துப் பூசினார். ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. அக்கா சந்தோஷப்பட்டாள். கார்த்திகை மாதத்துக்குள் மக்கு காய்ந்து வெடித்து ஓரங்களில் கசியத் தொடங்கியது. அவள் மார்பின்மேல் மழைத்துணியைப் போர்த்தி ஓட்டினேன். கசிவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேனா என்பதும் நிச்சயமில்லை.

மாசி மாதம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பல்லாவரம். வெள்ளிக்கிழமைச் சந்தை. மாடுகள், வண்டிகள், கோழிக்கூடைகள் எல்லாம் நாங்கள் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை வரை வழிந்திருந்தன. ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தேன். ஒரு மாட்டுவண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது இடப்பக்கச் சக்கரம் ஒரு பள்ளத்தில் தடாலென்று இறங்கியது. தலைக்குமேல் 'டப்' என்றொரு சத்தம். நான் திரும்புவதற்குள் கண்ணாடி நீள நீளத் துண்டுகளாக அக்காவின்மேல் விழுந்துவிட்டது.

அவள் கண்களை இறுக மூடியிருந்தாள். மூடியதால்தான் தப்பித்தாள். கையை உயர்த்தக்கூட நேரமிருக்கவில்லை. ஒரு துண்டு புருவத்தைக் கீறியிருந்தது. கத்திபோல ஒரு துண்டு மாவுக்கட்டின்மேல் குத்தி நின்றது. கட்டு மட்டும் இல்லையென்றால் அது மார்பில் இறங்கியிருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்தி, அவள் தலைமயிரிலிருந்து கண்ணாடியைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அசையாதேக்கா. கண்ணைத் திறக்காதே."

"நான் எங்கடா அசையறது? நீ உன் கையைப் பாரு, ரத்தம் வருதுன்னு நினைக்கிறேன். ஈரமா படுது."

எதிர்ப்பக்கத்தில் பஸ்களுக்குக் கூடு கட்டும் ஷெட் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒருவர் ரோட்டைக் கடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கி அரைக்கால்சட்டை, தோளில் அழுக்குத் துண்டு. காருக்குள் தலையை நுழைத்து, ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது? வூட்டு ஜன்னலுக்குப் போட்ற கண்ணாடிய வண்டி மேல வச்சிக்கினு வந்துகிறியே! அம்மா கண்ணுல உயுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"தெரியாமப் போட்டுட்டேன் அண்ணா."

"தெரியலன்னா கேக்கணும் சார்." கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் விரல்கள் அக்காவின் காதோரத்திலிருந்த சில்லுகளைப் பூப்பறிப்பதுபோல் எடுத்துக்கொண்டிருந்தன. தோளிலிருந்த துண்டை உதறி அவள் முகத்துக்குமேல் நிழலுக்குப் பிடித்தார். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ சார். நாயித்துக்கெயமை வண்டிய இட்டா. நான் பாத்துத் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனைக்குப் போகவில்லை. காலையிலேயே வண்டியை ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் மரச்சட்டத்தைப் பெயர்த்துப் போட்டார். அதன் அடியில் கூரைத் தகரம் துருப்பிடித்து அப்பளம்போல் பொரிந்திருந்தது. துருவேறிய வரைக்கும் வெட்டி எடுத்து, புதுத் தகரத்தில் ஒரு சட்டம் வளைத்துப் பற்றவைத்தார். நான்கு மூலைகளையும் வட்டமாக்கினார். "மூலை கூர்மையா இருந்தா வண்டி குலுங்க சொல்ல அங்கதான் விரிசல் வுடும்" என்றார். அன்றைய பொழுது அதிலேயே போய்விட்டது.

அடுத்த ஞாயிறு கண்ணாடி. ஒரு லாரியின் முன்கண்ணாடியில் விரிசல் விழாத பகுதியை எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தார். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே ரப்பர்போல மெல்லிய ஏடு.

"இது ஒடஞ்சாலும் உயாது சார். அந்த ஏடு புடிச்சிக்கும்."

இரண்டு பக்கமும் வைரமுனையால் கீறினார். கீறல்மேல் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தார். நீலச் சுடர் கோடுபோல ஓடி அணைந்ததும், இளகியிருந்த ஏட்டை பிளேடால் அறுத்தார். ஓரங்களை நீர்விட்டுத் தேய்த்தார். ஒவ்வொன்றும் அத்தனை நிதானம். நான் ஒரு மர டப்பாவில் உட்கார்ந்து, மணி என்ன ஆகிறது, ஆயா போய்விட்டிருப்பாளே, அக்கா தனியாக இருப்பாளே என்று பொறுமையிழந்துகொண்டிருந்தேன்.

"சீக்கிரம் ஆகுமா அண்ணா?"

"சீக்கிரம் ஆனதுதான் அன்னிக்கு அம்மா மேல உயுந்துது."

நான் எழுந்துபோய்க் கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடியைச் சுற்றிக் கனமான ரப்பர் பட்டையை மாட்டினார். பட்டையின் பள்ளத்துக்குள் ஒரு கயிற்றைச் சுற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, திறப்பின்மேல் வைத்து அழுத்தினார். உள்ளேயிருந்து நான் கயிற்றின் நுனியை மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து கவ்விக்கொண்டது. ஒரு சுற்று முடிந்ததும், ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே தார்போன்ற கறுப்புப் பசையை ஊசிமூக்குக் குப்பியால் செலுத்தி, விரலால் வழித்துவிட்டார்.

"இப்போ உள்ள படு சார். அம்மா படுக்கற மாதிரியே படு. நான் மேல தண்ணி ஊத்தறேன். எங்கியாச்சும் சொட்டுச்சின்னா சொல்லு."

பலகைமேல் படுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாக அவளை அதில் கிடத்தியிருக்கிறேன், நான் ஒரு தடவையும் படுத்துப் பார்த்ததில்லை. மெத்தை முதுகில் உறுத்தியது. தலைமாட்டில் ஏதோ ஒரு திருகாணி இடித்தது. இதையும் அவள் சொன்னதில்லை. மேலே வாளியிலிருந்து தண்ணீர் விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப்புறம் அது பரவி, நெளிந்து, வழிந்தது. அதற்குப் பின்னால் ஒரு வேப்பங்கிளை, இரண்டு மின்கம்பிகள். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்றின் சத்தம். இன்னொரு வாளி. பிறகு இன்னொன்று.

யாரோ என் காலைப் பிடித்து உலுக்கினார்கள்.

"சார்! ஒயுவுச்சா?"

நான் தூங்கிப்போயிருந்தேன். பதறி எழுந்து முகத்தையும் சட்டையையும் தடவிப் பார்த்தேன். எங்கும் ஈரமில்லை.

"எத்தனை வாளி ஊத்தினீங்க?"

"பதினாலு. ஒயுவியிருந்தா எயுந்திருப்ப" என்று சொல்லி, முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீயும் படுத்து எயுந்து எத்தினி நாளாச்சு சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டீ சொல்லப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா புதுக் கண்ணாடிக்கு அடியில் பயணம் செய்தாள். பல்லாவரத்தைத் தாண்டும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். வழியிலிருந்த தோல் பதனிடும் ஆலைகளின் நாற்றத்தை வைத்துத்தான் கூரை மூடியிருந்த நாட்களில் ஊர் கண்டுபிடித்தாளாம், இப்போது மரங்களை வைத்தே சொல்கிறாள். திரும்பி வரும்போது மதியம் இரண்டு மணி. வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது.

"தப்பா நினைச்சுக்காதேடா," என்று தயங்கினாள், "இதுக்கு ஒரு திரை போட முடியுமா?"

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை, கிண்டி அருகே வண்டியை ஓரம்கட்டி ஸ்டீயரிங்கில் தலை வைத்துச் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. அக்கா கையை நீட்டினாள். எட்டிய இடம் என் முழங்கை. அதைப் பிடித்துக்கொண்டு, "ஒருநாள் லீவு போட்டுட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாம சும்மா தூங்கு" என்றாள். நான் தூங்கவில்லை. ஆனால் அவள் பழைய புடவையில் ஒரு துண்டைக் கிழித்துத் திரை தைத்தேன்.

அந்த வருஷத்து மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மழை பெய்தால் திரையை ஒதுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவாள். தை பிறந்து சில வாரங்களில் மாவுக்கட்டை எடுத்தார்கள். தோலில் செய்த இடுப்புப் பட்டை ஒன்றை மாட்டி உட்காரவைத்தார்கள். முதல்நாள் ஐந்து நிமிஷம். தலை சுற்றுகிறது, தரை எங்கோ கீழே கிடக்கிறது என்று பயந்தாள். நிற்க இன்னும் ஒரு மாதம். நடக்க அதற்குமேல் மூன்று மாதம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பலகையைக் கழற்றிவிட்டுப் பழைய இருக்கையை மாட்டினேன். எலி கடித்துப் பஞ்சு பிதுங்கியிருந்தது. மேலே போர்வையைப் போட்டு அதில் அவளை உட்காரவைத்துக் கொண்டுபோனேன். வாசலில் இறங்கியவள், கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"உள்ள வரைக்கும் வரட்டுமா?"

"வேண்டாம். பிள்ளைங்க பார்ப்பாங்க."

வகுப்புக் கட்டடம் வரை ஏறக்குறைய நூறு அடி. அவள் நடந்து முடிக்க ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். நடுவில் இரண்டு தடவை நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் படியேறியதைப் பார்த்த பிறகு வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, ஒன்பதே முக்கால் ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு நடந்தேன்.