பேசாமல் இருந்த அத்தை

செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் அந்த அத்தையை முதன்முதலாகப் பார்த்தபோது, வேலைக்குப் போகும் சீருடையிலேயே வந்திருந்தார். வெளிர்நீலப் புடவை, தோளருகே பெயர்ப்பட்டை. மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலை அவருக்கு. கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழு வயதுப் பெண் அவருடைய அண்ணன் மகள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் அந்த அண்ணன் ஒரு நாள் தன் மனைவியை அடித்துக் கொன்றுவிட்டான். கண்ணால் பார்த்த சாட்சி இந்தக் குழந்தை ஒருத்திதான். அம்மா வழியில் ஏற்றுக்கொள்ள யாருமில்லை. அப்பா வழியில் எல்லோரும், "புள்ளைய வெச்சிக் கூடப்பொறந்தவனையே உள்ள தள்ளப் பாக்குறா" என்று அத்தையைத் திட்டி ஒதுக்கியிருந்தார்கள்.

சாட்சி சொல்ல வரும் குழந்தைகளுக்குத் துணையாக இருப்பது என் வேலை. நீதிமன்ற அறையை முன்கூட்டியே காட்டுவேன். யார் எங்கே உட்காருவார்கள் என்று சொல்வேன். தெரியாததைத் தெரியாது எனலாம், தண்ணீர் கேட்கலாம், அழுகை வந்தால் அழலாம் என்பேன். எதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அத்தையிடமும் அன்று கண்டிப்பாகச் சொன்னேன்: "வீட்டுல இதப் பத்திப் பேசாதீங்கம்மா. நீங்க சொல்லிக்குடுத்ததுன்னு ஆயிட்டா கேஸே நிக்காது."

"ஒரு வார்த்த பேச மாட்டேன் மேடம். எங்கண்ணி மேல சத்தியம்" என்றார்.

மூன்று வருடம் வாய்தாவிலேயே போனது. ஒவ்வொரு முறையும் திருக்கழுக்குன்றம் வழிப் பேருந்தில் வந்து இறங்குவார்கள். மற்ற குடும்பங்கள் வராந்தாவில் வழக்கைப் பற்றியே சளசளத்துக்கொண்டிருக்கும். அத்தை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குத் தலை பின்னுவார். பிரித்து மறுபடியும் பின்னுவார். நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டவர் வேறு யாருமில்லை என்று மனத்துக்குள் மெச்சிக்கொள்வேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒருவழியாகச் சாட்சி சொல்லும் நாள் வந்தது. குழந்தைக்கு அப்போது பத்து வயது. அத்தை கண்ஜாடை காட்டுவார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்ததால் அவர் வெளியே நின்றார். நான் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவை அவள் பார்க்காமலிருக்க நடுவே ஒரு திரை வைத்திருந்தார்கள். நீதிபதி அம்மா மென்மையாகப் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார், பொய்க்கும் உண்மைக்கும் வித்தியாசம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அப்போது திரைக்குப் பின்னால் ஒருவர் இருமினார். குழந்தையின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. இருமல் நிற்கவில்லை. அவள் நீதிபதியை நிமிர்ந்து பார்த்து, "எங்கப்பாவுக்கு இருமல் வந்தா லேசுல நிக்காது. தண்ணி குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

காவலர் ஒருவர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள். பிறகு அன்று நடந்ததை, அடி விழுந்த இடங்கள் உட்பட, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "இதையெல்லாம் உங்க அத்தை எத்தனை தடவ உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"அத்த ஒண்ணுமே பேச மாட்டாங்க. அம்மான்னு சொன்னாலே எழுந்து வெளிய பூடுவாங்க. அம்மா போட்டோவக்கூட பொட்டியில வெச்சிப் பூட்டிட்டாங்க. கேட்டா, கேஸ் முடியட்டும்னு சொல்லுவாங்க."

எங்கள் தரப்புக்கு அதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது. அரசு வக்கீல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசாதீர்கள் என்றிருந்தேன். அவர் அண்ணியைப் பற்றியே பேசாமல் இருந்துவிட்டார். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருவரும் ஒருத்திக்காகத் தனித்தனியே அழுதிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் அத்தை குழந்தையைக் கட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "முடிஞ்சிச்சா மேடம்? இனிமே பேசலாமா, இவ அம்மாவப் பத்தி?"

எப்போதுமே பேசியிருக்கலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பேசலாம்மா" என்றேன்.

சில மாதங்கள் கழித்து ஆயுள் தண்டனை தீர்ப்பானது. அத்தை மனுப் போட்டு அண்ணனைப் பார்க்கச் சிறைக்குப் போனார். அவன் வர மறுத்துவிட்டான். அந்தப் பெண் இப்போது கூடுவாஞ்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள். புதிதாக வரும் குடும்பங்களிடம் பழைய எச்சரிக்கையை இன்றும் சொல்கிறேன். செத்துப்போனவரைப் பற்றிப் பேசலாம், அழலாம், படத்தை மாட்டி வைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஓடுவது, சாட்சி சொன்ன அன்று மாலை அவர்களை வீடுவரை கொண்டுவிட நானும் ஏறிய அந்தப் பேருந்துதான்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை குழந்தை சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "அத்த, அம்மா எப்டி செத்தாங்கன்றது மட்டும் நல்லா ஞாபகம் கீது. எப்டி சிரிப்பாங்கன்னு வரவே மாட்டேங்குது."

அத்தை அவள் பக்கம் திரும்பினார். "உங்கம்மாவா? சிரிச்சா மொதல்ல சத்தமே வராதுடி. தோளு மட்டும் குலுங்கிகினே இருக்கும். அப்புறம் மூக்கால ஒண்ணு வரும் பாரு..." என்றவர், அந்தக் கூட்டத்தில் அப்படியே சிரித்துக் காட்டினார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். குழந்தை அத்தையின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி, அத்த."

அத்தை மறுபடியும் ஆரம்பித்தார். தோள்கள் குலுங்கின. குழந்தை அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.