பதிமூன்றில் என் வயது

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ராமநாதபுரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். பொய்யே சொல்லாதவன் என்று பேர். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பரமக்குடி பஸ்ஸில் ஒருநாள் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் தூங்கி வழிந்த கிழவியின் தலை சாயும்போதெல்லாம், தன் கூடையால் முட்டுக் கொடுத்து நிமிர்த்திக்கொண்டே வந்தாள். அன்றைக்கே மனசு போய்விட்டது. விசாரித்தால், உச்சிப்புளியில் ஒரு தேங்காய் வியாபாரியின் மகள். தரகரை அனுப்பினேன். எல்லாம் சரி, மாப்பிள்ளைக்கு வயது முப்பதைத் தாண்டக்கூடாது என்று அவள் அய்யா சொல்லிவிட்டாராம்.

என் ஜாதகத்தைக் கறையான் தின்றிருந்தது. ஒரு தாளில் விவரம் எழுதிக் கொடுங்கள் என்றார் தரகர். அங்கேதான் கணக்குப் புத்தி வேலை செய்தது.

நாம் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுகிறோம். அப்படித்தான் கட்ட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? பதினைந்து பதினைந்தாகக் கட்டினால் முப்பத்திரண்டில் இரண்டு கட்டு, மிச்சம் இரண்டு. 22 என்று எழுதலாம். கண்ணாடியைப் பார்த்தேன், முன்வழுக்கை ஒத்துழைக்கவில்லை. ஏழு ஏழாகக் கட்டினால் 44. கல்யாணப் பேச்சையே மறந்துவிட வேண்டியதுதான். பதிமூன்றில் இரண்டு கட்டு, மிச்சம் ஆறு. 26 என்று எழுதினேன். நேர்மை தவறக்கூடாதே என்று, கட்டுக்கு எத்தனை என்று காட்ட, கணக்குக்காரர்கள் வழக்கப்படி அதன் காலடியில் பொடியாக 13 என்றும் போட்டேன்.

ஆத்தாவும் நானும் பெண் பார்க்கப் போனோம். முற்றம் நிறையத் தேங்காய். பெண்ணின் அய்யா தாளைக் கண்ணருகே பிடித்தார், முகம் மாறியது. அந்தப் பொடி 13, இதுவரை நான் பார்த்துத் தள்ளிய பெண்களின் எண்ணிக்கை என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். என் மகள் பதினாலாவதா என்று கேட்டு, தாளை மடித்து ஆத்தாவிடம் நீட்டினார்.

இவளை விட்டுவிட்டு எப்படி ஊர் திரும்புவது? முற்றத்தில் இறங்கி முப்பத்திரண்டு தேங்காய்களை எடுத்து வைத்தேன். பதிமூன்று பதிமூன்றாக இரண்டு குவியல், உதிரி ஆறு. வேட்டியெல்லாம் நார்.

"இதாங்க என் வயசு. முப்பத்திரண்டு. எழுதினதுதான் வேற மாதிரி" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, குவியலைத்தான் பார்த்தார். அவர் வியாபாரத்தில் டஜனுக்கு ஒரு காய் கொசுறு. பதிமூன்று காய் கிடந்தால் பன்னிரண்டு என்றே எண்ணிப் பழகியவர்.

"ரெண்டு டஜன், உதிரி ஆறு. முப்பதுதான வருது வாத்தியாரே. கொசுறை எவன் கணக்குல சேப்பான்?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னாலேயே இறங்கி வந்த ஆத்தா தொடையில் கிள்ளினாள். தப்பான விடைக்கு நான் தலையாட்டியது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"அய்யா, எனக்கு இருபத்தேழு முடிஞ்சிருச்சு. தரகர்ட்ட இருபத்தஞ்சுன்னு சொன்னீகளே, அதுவும் கொசுறு தள்ளித்தானா?"

அய்யா குனிந்து, ஒழுங்காகவே இருந்த குவியலைத் திரும்பத் திரும்ப அடுக்கினார். நிமிராமலே, தையிலேயே முடித்துவிடலாம் என்றார்.